ஹெரால்டுல்லா இது!

அம்பாசமுத்திரத்தில் பெட்ரோல் போட வண்டியை நிறுத்தினால் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார். இளவட்டமாக இருந்தால், "இது பழைய பியட்டா அண்ணே?" என்று கேட்பார். அறுபது தாண்டியவராக இருந்தால் கேள்வியே இருக்காது. பின்பக்கத்தில் லேசாகத் தூக்கி நிற்கும் அந்தச் சின்னச் செட்டையை ஒரு தடவு தடவிவிட்டு, "ஹெரால்டுல்லா இது! இன்னும் ஓடுதா?" என்பார். அப்புறம் கால் மணி நேரத்துக்கு நகர முடியாது. அவருடைய மாமனார் வீட்டில் ஒன்று இருந்திருக்கும், இல்லையென்றால் ஊர் டாக்டரிடம் இருந்திருக்கும். கடைசியில் அந்த வண்டி என்ன ஆனது என்று கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: "இரும்புக்குப் போட்டாச்சு."

என்னிடம் இருப்பது 1967ல் பதிவான, இரண்டு கதவுள்ள ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பாளையங்கோட்டையில் ஓர் ஓட்டுச்சாய்ப்பின் கீழ் நிற்கிறது. பழைய கார் பிரியர்களிடம் பேசினால் பேச்சு முதலில் அம்பாசிடருக்குப் போகும், பிறகு பியட் பத்மினிக்கு, இப்போது பத்து வருடமாகக் காண்டஸாவுக்கு. நம்முடைய மெட்ராஸிலேயே உருவான ஹெரால்டை யாரும் முதலில் சொல்வதில்லை. இது எனக்கு நெடுநாள் மனக்குறை. எதனால் இப்படி ஆனது என்று தேடிப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. ஹெரால்டை அந்தக் காலத்தில் எடைபோட்டவர்கள் அதை ஒரு சுமைவண்டியாக வைத்து எடைபோட்டார்கள். எட்டுப் பேரை ஏற்றும், மேட்டுப் பள்ளத்தில் அடிவாங்கும், டாக்ஸிக்கு ஓடும் வண்டி அவர்களுக்குத் தேவைப்பட்டது. இன்றைக்கு ஒரு பழைய வண்டியை யாரும் அதற்காக வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேர் சந்தோஷமாக ஓட்டிப்போக ஒரு வண்டி என்று பார்த்தால், அந்த மூன்று வண்டிகளில் எதுவும் இதன் பக்கத்தில் வராது. இதுதான் என் கட்சி. அதற்கான காரணங்களைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. சுதந்திரத்துக்குப் பிறகு, உதிரிகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இங்கே பூட்டி மட்டும் விற்கும் கம்பெனிகளுக்கு இடமில்லை, பாகங்களையும் இங்கேயே செய்ய வேண்டும் என்று அரசு முடிவெடுத்தது. போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் ஐம்பதுகளின் நடுவில் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டன. மிஞ்சியதில் கார் என்று சொல்லக்கூடியவை மூன்று: கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் இந்துஸ்தான், பம்பாயில் பிரிமியர், மெட்ராஸில் ஸ்டாண்டர்டு. 1948ல் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ், மெட்ராஸுக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்தது. முதலில் வேன்கார்டு, அப்புறம் ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட் என்று போய், 1961ல் ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் 1959ல் வெளிவந்த அதே கார்தான். இத்தாலியில் டூரின் நகரத்துக்காரர் ஜியோவானி மிகெலோட்டி அதற்கு வடிவம் கொடுத்தவர்.

திருநெல்வேலிச் சீமைக்காரன் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. மெட்ராஸில் கார் செய்ய முடிந்தது என்றால், அங்கே பிஸ்டனும் பிரேக்கும் டைனமோவும் செய்யும் பட்டறைகளும் கூடவே வளர்ந்தன. அந்தத் தொழிலை நடத்திய இரண்டு பெரிய குடும்பங்களுக்கும் வேர் நம்முடைய மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது. 1911ல் மதுரையில் தொழிலைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் அய்யங்காருக்கு ஊர் திருக்குறுங்குடி. சிம்ப்சனை நடத்தி, அமால்கமேஷன்ஸ் குழுமத்தைக் கட்டிய அனந்தராமகிருஷ்ணனுக்கு ஊர் ஆழ்வார்குறிச்சி. அந்தக் குழுமத்தின் இந்தியா பிஸ்டன்ஸ் 1949ல் வந்தது. லூகாஸ் டிவிஎஸ் வந்தது ஹெரால்டு வந்த அதே 1961ல். பிரேக்ஸ் இந்தியா அதற்கு அடுத்த வருடம். அம்பாசமுத்திரத்திலிருந்து ஆழ்வார்குறிச்சி வழியாகக் கடையத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். அந்த ஊரிலிருந்து கிளம்பிப்போன ஒருவர் ஒரு காலத்தின் மெட்ராஸ் மோட்டார் தொழிலுக்கு அடித்தளம் போட்டிருக்கிறார். அந்தக் காலத்து மெட்ராஸ் வண்டி ஒன்று அந்த ஊர் வழியாகவே போய்க்கொண்டிருக்கிறது.

சரி, வண்டிக்கு வருவோம். ஹெரால்டு கட்டப்பட்ட விதம் தனி. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகளெல்லாம் சேஸ் என்ற தனி அடிச்சட்டமே இல்லாமல், உடம்பையே ஒரே கூடாக வெல்டு செய்யும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ஸ்டாண்டர்டுக்கு இங்கிலாந்தில் பாடி அடித்துக் கொடுத்த கம்பெனியை 1953ல் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழுக்கூட்டையும் அடித்துத் தர ஆளில்லாததால், தனி சேஸ் ஒன்றைப் போட்டு, அதன்மேல் துண்டு துண்டாகப் பாடியைப் போல்ட்டில் பூட்டும் முறைக்கு அவர்கள் போக வேண்டியதாயிற்று. வேறு வழியில்லாமல் செய்தது, நமக்கு வரமாகிப்போனது. பெட்டிகளில் வந்த பாகங்களை மெட்ராஸில் பூட்டுவதற்கும் அது தோதாக இருந்தது. அறுபது வருடம் கழித்து ஒரு நெல்லைப் பட்டறையில் கழற்றி மாட்டுவதற்கும் தோதாக இருக்கிறது. கூரை தனியாகக் கழலும். பின்பாதி தனியாகக் கழலும். துருப்பிடித்த துண்டை மட்டும் எடுத்து வேலை பார்க்கலாம்.

பானட்டைத் திறக்கும்போதுதான் இந்த வண்டியின் அருமை தெரியும். இரண்டு பக்கமும் இருக்கும் கொக்கியை விடுவித்துத் தூக்கினால், மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாம் சேர்ந்து முன்மூஞ்சி முழுவதும் முன்னால் சாய்ந்துவிடும். என்ஜின் மூன்று பக்கமும் வெட்டவெளியில் நிற்கும். 948 சி.சி. என்ஜின், நாலு சிலிண்டர், சுமார் 35 குதிரைத்திறன். மற்ற வண்டிகளில் மெக்கானிக் குனிந்து, தலையை உள்ளே விட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேலை பார்ப்பார். இதில் முன் டயரின் மேலே உட்கார்ந்துகொள்ளலாம். எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி அப்படித்தான் உட்காருவார். கால் இரண்டையும் சேஸ் மேல் வைத்துக்கொண்டு, பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, உள்ளே திறந்து மூடும் பாயிண்டின் இடைவெளியைத் தகட்டை விட்டு அளப்பார். கட்டைவிரல் நகத்தால் பாயிண்டைத் திறந்து பார்ப்பார். கருப்பு படிந்திருந்தால் உப்புத்தாள் வைத்து இரண்டு இழுப்பு. "திண்ணையில உக்காந்து வேல பாக்கது மாதிரில்லா இருக்கு" என்பார். பட்டறைக்கு வரும் வண்டிகளிலேயே அவருக்கு இதுதான் பிடிக்கும். இத்தனைக்கும் இதில் அவருக்குக் கிடைக்கும் கூலி குறைவு, ஏனென்றால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும்.

அப்படியானால் ஊரார் ஏன் இதை ஒதுக்கினார்கள்? பெரிய காரணம் பின் அச்சு. அம்பாசிடரிலும் பியட்டிலும் பின் சக்கரங்கள் இரண்டும் மாட்டுவண்டி மாதிரி ஒரே அச்சில் இருக்கும். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றதும் சேர்ந்து அசையும். ஆனால் என்ன பாரம் ஏற்றினாலும் தாங்கும், உடைந்தால் எந்த ஊர்ப் பட்டறையிலும் சரிசெய்யலாம். ஹெரால்டில் நான்கு சக்கரமும் தனித்தனி. பின்னால், என்ஜின் ஓட்டத்தை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியல் சேஸோடு சேர்த்துப் பூட்டியிருக்கும்; அதிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு கைகள் மாதிரி அரை அச்சுகள் வெளியே நீளும்; மேலே குறுக்குவாட்டில் ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டைக் கட்டு. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் அந்தக் கை மட்டும் இறங்கும். இரண்டு பேர் போகும்போது இது சொகுசு. பின்சீட்டில் நாலு பேரும், டிக்கியில் குற்றாலத்துக்குப் போகிற பாத்திரம் பண்டமும், அடுப்பும், அரிசியும் ஏற்றினால் பட்டை படிந்து, பின் சக்கரங்கள் நாலு நாள் பட்டினி கிடந்த கன்றுக்குட்டி மாதிரி காலை அகட்டிக்கொண்டு நிற்கும். டயர் உள்பக்கமாகத் தேயும். வேகமாக வளைவில் போய்விட்டுப் பயந்து ஆக்சிலேட்டரை விட்டால், பின்பக்கம் தூக்கிக்கொண்டு சக்கரம் உள்ளே மடங்கிப் பிடிமானம் போகும். "ஹெரால்டா, அது சாஞ்சிரும்" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டானது இதனால்தான்.

கம்பெனிக்கும் இது தெரிந்தேயிருந்தது. இரண்டு கதவு நம் ஊர்க் குடும்பத்துக்குப் பற்றாது என்று 1968ல் நான்கு கதவு வைத்து மார்க் 3 கொண்டுவந்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் கேஸல் என்று பெயர் மாற்றி, பின்னால் எல்லாரையும் போல ஒற்றை அச்சு போட்டார்கள். அதுவும் நெடுநாள் நிற்கவில்லை. எழுபதுகள் முடிவதற்குள் கார் செய்வது நின்றுபோனது. 1985ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு கடைசி முயற்சி. இங்கிலாந்து ரோவர் காரின் அழகான உடம்பு, உள்ளே பழைய வேன்கார்டு வழியில் வந்த இரண்டு லிட்டர் என்ஜின். விலையும் அதிகம், அந்த விலைக்கேற்ற ஓட்டமும் இல்லை. 1988ல் அதோடு எல்லாம் முடிந்தது. மிச்சம் கிடந்த ரோவர் உதிரிகளைப் பல வருடம் கழித்து இங்கிலாந்து வியாபாரிகள் மொத்தமாக வாங்கி, அங்கே பழைய ரோவர் வைத்திருப்பவர்களுக்கு விற்றார்கள். நம் ஊரில் குப்பை என்று கிடந்ததைக் கப்பலில் ஏற்றிப் போனார்கள் என்று முதன்முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் இருந்த இன்னொரு பலம் டாக்ஸி. கல்கத்தாவில் அதுவும் பம்பாயில் இதுவும் தெருவெல்லாம் டாக்ஸியாக ஓடின. நம் திருநெல்வேலி ஜங்ஷன் டாக்ஸி ஸ்டாண்டிலும் வரிசையாக அம்பாசிடர்தான். ஒரு வண்டி டாக்ஸியாக ஓடினால் அதற்கு ஊர் ஊருக்கு உதிரிக் கடை முளைக்கும், கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டும் மெக்கானிக்குகள் உருவாவார்கள். இரண்டு கதவு வண்டியை எவரும் டாக்ஸிக்கு விட மாட்டார்கள். ஆகவே ஹெரால்டுக்கு அந்தப் பின்புலம் அமையவே இல்லை. டாக்டர், வக்கீல், கல்லூரிப் பேராசிரியர், மில் அதிகாரி என்று சொந்தமாக ஓட்டிக்கொண்டவர்கள் கையில்தான் அது இருந்தது. அவர்கள் காலம் முடிந்ததும் ஷெட்டில் நின்றது. பெரும்பாலான வண்டிகள் ஷெட்டிலிருந்து நேராகப் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

ஒரு பழைய வண்டிக்கு மதிப்பு ஏறுவது பெரும்பாலும் சின்ன வயசு ஆசையால். எந்த வண்டியை ஜன்னல் வழியாகப் பார்த்து ஏங்கினோமோ, கையில் காசு வந்த வயசில் அதைத்தான் தேடுவோம். அம்பாசிடரில் ஏறாத தமிழர் யார்? 2014 வரை அது தயாராகிக்கொண்டிருந்தது. காண்டஸா 2002 வரை வந்தது; எண்பதுகளில் பிறந்தவர்களுக்கு அதுதான் பண்ணையார் வண்டி. ஹெரால்டை ஏங்கிப் பார்த்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயசாகிறது. அவர்கள் இனிமேல் வண்டி வாங்கப்போவதில்லை. அதனால் சந்தையில் இதற்குப் போட்டி குறைவு. முதலீடு என்று நினைத்து இதை வாங்கினால் ஏமாற்றம்தான். பணம் பெருக வேண்டுமானால் வேறு வழி பாருங்கள். ஓட்டுவதற்கு ஆசைப்படுபவருக்கோ இதைவிட நல்ல காலம் கிடையாது.

ஓட்டும்போது என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன். ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்ததும், ஒரு ஞாயிறு காலை ஐந்தரைக்குப் பாளையங்கோட்டையில் கிளம்புவேன். தென்காசி நாற்கரச் சாலை இதற்கு வேண்டாம். லாரிக்கும் பஸ்ஸுக்கும் பின்னால் ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டும். மேலச்செவல், சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி வழியாகப் பழைய ரோடு. சோக்கை இழுத்து, ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். முதல் கியருக்கு வண்டி நின்றிருக்க வேண்டும், ஓட்டத்தில் போட்டால் பல் கத்தும். கியர் தடி சின்னது, தரையிலேயே இருக்கிறது. மணிக்கட்டை அசைத்தால் விழும். அம்பாசிடரிலும் பத்மினியிலும் ஸ்டீயரிங் பக்கத்துத் தடியைத் துழாவிய கை இங்கே வந்தால் வித்தியாசம் உடனே தெரியும். வண்டி எடை சுமார் 800 கிலோதான், அதனால் ஸ்டீயரிங் லேசு. அறுபதில் போகும்போது என்ஜின் பாடும். வயல் வரப்புகளும் வாழைத்தோட்டங்களும் சுற்றிலும் இருக்கும் கண்ணாடிகளில் தெரியும். கூரையைத் தாங்கும் தூண்கள் அத்தனை மெல்லிசு என்பதால் குடைக்குள் உட்கார்ந்து போவது மாதிரி இருக்கும். கடையம் தாண்டி மலை கிட்டே வரும்போது காற்று மாறும். ஏசி இல்லாத வண்டிக்குத்தான் அந்தக் காற்று முதலில் தெரியும்.

அப்புறம் வட்டம் அடிப்பது. ஹெரால்டு முழுவட்டம் திரும்ப 25 அடி அகலம் போதும், லண்டன் டாக்ஸிக்குச் சொல்லும் அதே கணக்கு. முன் சக்கரம் கிட்டத்தட்டக் குறுக்காகத் திரும்பிவிடும். டவுனில் நயினார்குளம் மார்க்கெட் பக்கம் காய்கறி லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, இருந்த இடத்திலேயே ஒரே வீச்சில் திருப்பியபோது, மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நம் பழைய தெருக்களுக்கென்றே அளவெடுத்துச் செய்தது மாதிரி இருக்கும்.

அந்த முன் சக்கரத் திருப்பத்தில்தான் ஹெரால்டு வைத்திருப்பவர் உயிரைக் காக்கக் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டது. முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது டிரன்னியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு இந்த மரையில்தான் சுழல்கிறது. அதற்குள் 90 நம்பர் கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் அடிக்கக்கூடாது. கிரீஸ் மரையின் அடிவரை போகாது, காலப்போக்கில் காய்ந்து கட்டிப்படும், அதற்குள் தண்ணீர் புகுந்து தண்டு துருவேறும். ஒருநாள் தண்டு முறியும். நான் வண்டி வாங்கிய புதிதில் கொடுத்திருந்த பட்டறையில், மற்ற வண்டிகளுக்குச் செய்வது மாதிரியே அதிலும் நிப்பிளை மாட்டி கிரீஸ் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு வருடம் ஒன்றும் தெரியவில்லை. கல்லிடைக்குறிச்சிக்கு முன்னால், நல்ல வேளையாக ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது, இடது முன் சக்கரம் மடங்கி மட்கார்டுக்குள் படுத்துவிட்டது. வேகம் பத்துகூட இருக்காது. எழுபதில் போகும்போது நடந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

முறிந்த தண்டை அண்ணாச்சி கையில் வாங்கி வெளிச்சத்தில் காட்டினார். முறிவில் பாதி பழுப்பு, பாதி பளபளப்பு. "பழுப்பு இருக்கு பாருங்க, அங்கன எப்பவோ விட்டுப்போச்சு. மிச்சப் பாதியிலதான் இவ்வளவு நாளு ஓட்டியிருக்கியோ" என்றார். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை நானே அடியில் படுத்து, அடைப்புத் திருகைக் கழற்றி, மேல் விளிம்பில் எண்ணெய் கசியும் வரை பம்பால் அடிக்கிறேன். ஹெரால்டு வாங்கப் போகிறவர் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த இடத்தைப் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வண்டியை அறிந்த ஒருவர் வைத்திருந்த வண்டி. காய்ந்த கிரீஸ் இருந்தால் இரண்டு பக்கத் தண்டையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

உதிரி கிடைக்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஹெரால்டின் சேஸைக் குட்டையாக்கித்தான் டிரையம்ப் ஸ்பிட்பயர் என்ற விளையாட்டு கார் வந்தது; 1962லிருந்து 1980 வரை அது ஓடியது. அதனால் இங்கிலாந்தில் இந்தக் குடும்பத்து வண்டிகளுக்கு இன்றும் உதிரிகள் புதிதாகச் செய்கிறார்கள். டிரன்னியன், கேஸ்கட், கிளட்ச் தட்டு எல்லாம் பார்சலில் வரும். சுங்க வரி கட்ட வேண்டும், பொறுமையும் வேண்டும். இந்திய வண்டிக்கே உரிய விளக்கு, மீட்டர், கைப்பிடி போன்றவைதான் கஷ்டம். அதற்குச் சென்னை புதுப்பேட்டையில் நாள் முழுக்க அலைய வேண்டும். புஷ், பின் மாதிரியான சாமான்களைப் நெல்லை பேட்டையில் லேத் வைத்திருப்பவரிடம் பழசைக் கொடுத்தால் கடைந்து கொடுத்துவிடுகிறார்.

பெட்ரோல் இன்னொரு கவலை. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் ஈயம் கலக்காத பெட்ரோல்தான். இந்த என்ஜினில் வால்வு உட்காரும் இடம் வார்ப்பிரும்பிலேயே கடைந்தது. ஈயம்தான் அதற்கு மெத்தை மாதிரி இருந்தது. ஹெட்டைக் கழற்றும் வேலை வந்தால், கடினமான வளையம் வெட்டிப் பதித்துவிடுவது நல்லது. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கரைக்கும். பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றினேன், பம்பு டயாப்ரமையும் மாற்றினேன். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை வடித்துவிடுகிறேன். வடிக்காமல் விட்டால் டேங்கின் அடியில் தண்ணீர் தங்கி, துரு கார்ப்பரேட்டருக்கு வந்து சேரும். நம் ஊர் வெயிலுக்கு, என்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப்போடச் சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு. அதைச் செய்யாதீர்கள். சூடு ஏறினால் ரேடியேட்டரில்தான் அடைப்பு. அதைக் கழற்றிக் கழுவினால் அக்கினி நட்சத்திரத்திலும் சூட்டு மீட்டர் முள் நடுவில் நிற்கும்.

வாங்குவதற்கு வண்டி எங்கே நின்றது என்பது முக்கியம். பாளையங்கோட்டை, களக்காடு, சங்கரன்கோவில் பக்கத்துக் காய்ந்த காற்றில் நின்ற வண்டியின் சேஸ் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். திருச்செந்தூர், உவரி, தூத்துக்குடி உப்புக்காற்றில் நின்றது வெளியே பளபளவென்று இருந்தாலும், சேஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளும் டிக்கித் தரையும் அரித்திருக்கும். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். கதவுக்குக் கீழ்ப்பகுதியில் ஒட்டவில்லை என்றால் அங்கே தகடு இல்லை, பட்டி போட்டு பூசியிருக்கிறார்கள்.

பேப்பர் இல்லாத வண்டியை மட்டும் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள். பெரும்பாலான ஹெரால்டுகளின் ஆர்சி புத்தகம் தாத்தா பெயரிலேயே இருக்கும். வாரிசுகளில் ஒருவர் பெயருக்குப் படிவம் 31 கொடுத்து மாற்றி, அதன்பிறகு அவரிடமிருந்து நீங்கள் வாங்க வேண்டும். டில்லியில் பத்து, பதினைந்து வருட வண்டிகளை ஓட்டக்கூடாது என்று வந்ததைக் கேட்டு இங்கேயும் பயப்படுகிறார்கள். அது தலைநகர் வட்டாரத்துக்கான கட்டுப்பாடு. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்டிஓவில் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டிப் பதிவைப் புதுப்பிக்கலாம். கட்டணம்தான் ஏறிக்கொண்டே போகிறது. 2022ல் 600 ரூபாயாக இருந்தது 5,000 ஆனது. 2025ல் இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத ஒரு வண்டிக்கு இது அதிகம் என்றுதான் நினைக்கிறேன்.

2021ல் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பதிவும் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் ஆகியிருக்க வேண்டும், சேஸிலும் பாடியிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அதில் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ராலி போன்ற சிலவற்றுக்குத்தான் ஓட்டலாம், வழக்கமான போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. குற்றாலத்துக்குப் போய்க் குளித்துவிட்டு, ரோட்டோரக் கடையில் டீ குடிக்க நிற்பதற்கு ஆசைப்படுகிறவர், பேப்பர் சரியாக இருக்கும்வரை பழைய பதிவையே புதுப்பித்துக்கொண்டு போவது உத்தமம். பழைய மூன்றெழுத்து நம்பர் இரண்டு வழியிலும் அப்படியே இருக்கும். அந்த நம்பர் பிளேட் இல்லாமல் என் வண்டியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வேறு என்ஜின் மாற்றும் ஆசை சிலருக்கு வரும். மாருதி என்ஜினைப் போட்டால் மைலேஜ் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும். ஆனால் அந்தப் பாட்டு போய்விடும், சேகரிப்பவர் கண்ணில் மதிப்பும் போய்விடும். பதிவிலும் சிக்கல் வரும். இந்த 948 என்ஜின் சாவது அபூர்வம். ரிங்கும் பேரிங்கும் மாற்றினால் இன்னொரு தலைமுறைக்கு ஓடும்.

நம் சீமையில் இன்னும் சில ஹெரால்டுகள் கதவு திறக்காத ஷெட்டுகளில் நிற்கின்றன என்று எனக்கு உறுதி. போன வருடம்கூட சேரன்மகாதேவி பக்கம் வைக்கோலுக்கு அடியிலிருந்து ஒன்று எட்டிப் பார்த்தது. மேலே கோழி அடைந்திருந்தது. டயர் நான்கும் மண்ணோடு ஒட்டியிருந்தது. வீட்டம்மா, "இரும்புக்காரன் வாரேன்னு சொல்லியிருக்கான், தம்பி" என்றார். நாலு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, டார்ச் அடித்து சேஸ் பிளேட்டைத் தேங்காய்நார் வைத்துத் துடைத்தேன். எண் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அவர் உள்ளே போய்த் தகரப்பெட்டியிலிருந்து ஆர்சி புத்தகத்தை எடுத்துவந்தார்; கரையான் ஓரத்தைத் தின்றிருந்தாலும் எண் இருந்த பக்கம் தப்பியிருந்தது. இரண்டும் ஒத்துப்போயின. பானட் கொக்கியைத் தட்டி விடுவித்துத் தூக்கினேன். முன்மூஞ்சி முழுவதும் வைக்கோலைச் சரித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தது.